பதினொன்றாவது கோல்

கால்பந்தைப் பற்றி எனக்கு இரண்டே விஷயங்கள்தான் தெரியும். அது உருண்டையாக இருக்கும். எந்தப் பயல் எங்கே நின்று உதைத்தாலும் கடைசியில் என் வீட்டு ஜன்னலுக்குத்தான் வரும். இப்படிப்பட்டவனிடம் வந்து, தேசிய இளையோர் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதித் தா என்று கேட்டார்கள் என்றால் அது கேட்டவர்களின் தப்பு. ஒத்துக்கொண்டது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன்.

1994இல் நடந்தது இது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் தேசிய அணி, பயிற்சி முகாமுக்குத் திருவனந்தபுரம் போகிற வழியில் பாளையங்கோட்டையில் இறங்கி, எங்கள் மாவட்டப் பையன்களோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. செய்தி வந்த மறுநாளே வரவேற்புக் குழு அமைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் குழு, அப்புறம் அச்சடித்த விழா மலர், அப்புறம் பொன்னாடை. ஆட்டம் என்பது நேரம் மிச்சமிருந்தால்.

குழுத் தலைவர் பாபநாசம் அண்ணாச்சி. டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு, தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. அமங்கலமான சொல் காதில் விழக் கூடாது, வாயில் வரவே கூடாது. கடையில் நீங்கள் கேட்ட குத்துவிளக்கு இல்லையென்றால் இல்லை என்று சொல்ல மாட்டார், "வந்துக்கிட்டிருக்கு" என்பார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், அமர்த்தச் சொல்வார். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் "நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. வந்த புதிதில் மருமகள் இதை அப்படியே நம்பிவிட்டாள். அன்று மத்தியானம் வந்த பதினைந்து விருந்தாளிகளும் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். அதைவிட முக்கியம், ஆற்றங்கரைக் கோயில்கள் மூன்றுக்குத் தல வரலாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோயிலுக்கு எழுதுகிற கை கால்பந்துக்கு எழுதாதா என்று அண்ணாச்சி கேட்டார். கையோடு இரண்டு நிபந்தனையும் போட்டார். ஒன்று, வரலாறு கொற்கையில் ஆரம்பிக்க வேண்டும். பாண்டியன் காலத்துத் துறைமுகம் அல்லவா, கப்பலில் வந்து இறங்கினவன் சும்மாவா இருந்திருப்பான், பந்து ஆடியிருப்பான். அதற்கு ஆதாரம் வேண்டாமா என்றேன். ஆதாரத்துக்குக் காத்திருந்தால் மலர் எப்போது வருவது என்றார். இரண்டாவது நிபந்தனைதான் வினையாயிற்று. தோல்வி என்ற சொல் மலரில் எங்கேயும் தலைகாட்டக் கூடாது.

அது பெரிய நிபந்தனையாக எனக்கு அப்போது தெரியவில்லை. டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ஏழு கடிதம் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, அதுவும் வேறு யாருக்கோ எழுதினது. பிறகு நூலகத்தில் போய்ப் பழைய பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே மூன்று வாரம் தும்மினேன். நம் பையன்கள் ஜெயித்த வருஷங்களும் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எலி தின்றது போக எனக்கென்று மிஞ்சியிருந்த கட்டுகளில் முக்கால்வாசி தோல்வி. அந்த எலிக்கும் பாபநாசம் அண்ணாச்சியின் ருசி இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

வேறு வழியில்லாமல் மங்கலமாக எழுத உட்கார்ந்தேன். சமனில் முடிந்த ஆட்டத்துக்கு "நட்புறவு பேணினர்" என்று போட்டேன். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றால் "பெருந்தன்மை காட்டினர்". நாலைந்து வாங்கியிருந்தால் "விருந்தினரை மனம் குளிரச் செய்து அனுப்பினர்". எழுத எழுத எனக்கே கை பழகிவிட்டது. படித்த அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு தாராளமான அணி உலகத்தில் வேறு இருக்காது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அருமைநாயகம் வந்தார். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். நாற்பத்தைந்து வயது, உருண்டு திரண்ட தொப்பை, இடது பக்கமாகக் கோணிய மூக்கு. தேசிய இளையோர் அணிக்கு விளையாடியவர் இந்தத் தாமிரபரணிக் கரை முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவர்தான். பதினேழு வயதில், 1966இல், கடல் தாண்டிப் போய் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கோல்கீப்பராக நின்றார். எந்த நாட்டில் என்று நான் சொல்லப்போவதில்லை, அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சந்தோஷப்பட்டுவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் நம் வலைக்குள் பத்து கோல் போனது. மறுபடி இவரை யாரும் கூப்பிடவில்லை. செய்தி எப்படியோ சாத்தான்குளம் வரைக்கும் வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "பத்து வாத்தியார்" என்கிறார்கள்.

பத்தைப் பற்றி அவருக்குக் கூச்சமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு கோலும் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தக் காலால் உதைத்தான் என்று ஊரில் நடந்த கல்யாணங்களைச் சொல்வது போலச் சொன்னார். அவர் வந்தது அதற்காக அல்ல. கடைசி நிமிஷத்தில் பதினொன்றாவதாக ஒரு பந்து வந்திருக்கிறது. பனங்காயைச் சுற்றி எறிந்தது போல வந்த அந்தப் பந்தை இவர் தடுத்துவிட்டார். கையால் அல்ல, முகத்தால். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள். பேப்பர்க்காரன் பத்து என்று எழுதினானே தவிர, பதினொன்று ஏன் ஆகவில்லை என்று எழுதவில்லை. இவர் சொல்லி யாரும் நம்பவும் இல்லை. மூக்கு பனையிலிருந்து விழுந்ததில் கோணினது என்று ஊரில் ஒரு கட்சியே இருந்தது.

மலரில் அந்த ஒரு வரி வர வேண்டும் என்பதற்காக அவர் மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். மூன்றாவது தடவை ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்தார். நான் எழுதிக் காட்டினேன்: "எதிரணியினர் பத்து கோல்கள் அடித்தனர். பதினொன்றாவது கோல் விழாமல் அருமைநாயகம் தமது முகத்தால் தடுத்தார்." அவர் தாளைக் கையில் வாங்கி இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்து நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோளாறு முகம்மது மைதீனின் அச்சகத்தில் நடந்தது. கடைசிப் புரூப் பார்க்க அண்ணாச்சியும் நானும் போயிருந்தோம். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார். இந்த இடத்தில் விரல் நின்றது.

"பத்துன்னு மொட்டையா நிறுத்தியிருக்கீரே. கல்யாண வீட்டுல யாராவது நூறுன்னு மொய் எழுதுவானா வே? ஒண்ணு கூட்டிப் பதினொண்ணாப் போடும்."

இது மொய் இல்லை, நம் பையன்கள் வாங்கின கோல் என்றேன். யார் வாங்கினால் என்ன, அச்சில் வருகிற எண் வளர்கிற எண்ணாக இருக்க வேண்டும் என்றார். பதினொன்று என்று போட்டால் அடுத்த வரி உதைக்குமே என்றேன். அடுத்த வரியை அப்போதுதான் வாசித்தார். முகத்தில் அடி, அடி என்றால் ரத்தம் வராமலா. மலரில் இது ஆகவே ஆகாது என்று அவரே பேனாவை எடுத்துப் பத்தைப் பதினொன்றாக்கி, அந்த அடுத்த வரியை முழுக்க அடித்துவிட்டார். மைதீன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஒரு கோல்தானே, இதற்குப் போய் ஒரு பெரிய மனுஷரோடு மல்லுக்கு நிற்பதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேராகச் சொன்னால், பயந்துவிட்டேன். அருமைநாயகத்துக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

உறுத்தலுக்குப் பரிகாரமாக வேறு ஒன்று செய்தேன். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் ஒரு பந்தை உதைப்பதும், கோல்கீப்பர் மரியாதையாக ஒதுங்கி அதை உள்ளே விடுவதும் வழக்கம். அன்றைக்குக் கோலில் அருமைநாயகத்தை நிறுத்தினால் அவருக்கும் கௌரவமாக இருக்குமே என்று குழுவில் சொன்னேன். முதல் பந்து உள்ளே போவதுதான் மங்கலம், அது போனால் சரி என்று அண்ணாச்சி சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும். ஐந்து பேர் வரவேற்றுப் பேசினார்கள். தேசிய அணியின் பதினெட்டுப் பையன்களுக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. அந்த வெயிலில் சால்வைக்குள் அவர்கள் இட்லி போல வெந்துகொண்டு நின்றார்கள். அவர்களுடைய பயிற்சியாளர், கல்கத்தாக்காரர், அடிக்கடி என்னிடம் ஆட்டம் எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் இதோ என்றேன்.

மேடைக்குப் பின்னால் அருமைநாயகம் என்னைப் பிடித்தார். அரைக்கால் சட்டை போட்டு, தயாராக வந்திருந்தார். தன் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை பஸ்ஸில் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார், அவர்கள் கையில் ஆளுக்கொரு மலர். அவர் கையிலும் ஒன்று, அந்தப் பக்கம் விரித்தபடி. ஒரு கோல்தானே, மங்கலத்துக்காகக் கூட்டினது என்று நான் ஏதோ இழுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பத்து போச்சு சார். அத நான் என்னைக்காவது இல்லைன்னு சொன்னனா? பதினொண்ணாவது போகல. எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் உள்ள தள்ளிட்டியளே."

எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே அண்ணாச்சியிடம் போய், மைக்கில் ஒரு திருத்தம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அச்சில் ஏறினது ஏறினதுதான், நல்ல காரியத்தில் பின்னால் எடுத்து வைக்கக் கூடாது என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். தொடக்க உரை சொல்வதற்காக மைக்கும் அதன் நீண்ட வயரும் என் கையில். நானும் பின்னால் போனேன். மணி நாலு இருபது.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார், பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பைய ஒரு உதை விட்டார். பந்து கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து போயிற்று. அருமைநாயகம் இரண்டு அடி நகர்ந்து, குனிந்து, அதை எடுத்துத் திருப்பி உருட்டிவிட்டார்.

மைதானம் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், பழக்கதோஷம் போல என்றார். ஒதுங்கும் வே என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி உதைத்தார். மறுபடி பந்து திரும்பி வந்தது. மூன்றாவதை ஓடி வந்து உதைத்தார். அது இடது மூலைக்குப் போனது. அருமைநாயகம் தொப்பையோடு தாவி விழுந்து பிடித்தார். முன்வரிசையில் சாத்தான்குளத்துப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் சத்தம் ஏறியது. ஏழாவது உதையில் அண்ணாச்சியின் வேட்டி அவிழப் பார்த்தது. எட்டாவது பந்து பக்கத்தில் நின்ற நடுவரின் மேல் பட்டது, அதைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கவில்லை.

மணி நாலு இருபத்தாறு. அண்ணாச்சி மூச்சு வாங்க கோல் கம்பம் வரைக்கும் நடந்தார். நானும் வயரை இழுத்துக்கொண்டு நடந்தேன். என்னதான் வேண்டும் என்று அவர் கேட்டார்.

"பத்துன்னு சொல்லுங்க அண்ணாச்சி. மைக்குல சொல்லுங்க."

அண்ணாச்சி வாட்சைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் என் தலைமுறையே சாம்பலாகியிருக்க வேண்டும். அப்புறம் மைக்கைப் பிடுங்கி, மலரில் பதினொன்று என்று வந்திருப்பது பிழை, உள்ளே போனது பத்துதான், பதினொன்றாவதை நம் அருமைநாயகம் தடுத்துவிட்டார் என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். நான் மைக்குக்குள் தலையை நீட்டி, "முகத்தால்" என்றேன். அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே தைரியமான காரியம் அது. பிள்ளைகள் எழுந்து நின்று கூவினார்கள். அருமைநாயகம் கையைக் கூப்பினார்.

காரியம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். மணி நாலு இருபத்தெட்டு. அண்ணாச்சி மைக்கை இடது கையில் பிடித்தபடியே போய், நிம்மதியாக, குழந்தைக்கு உருட்டிவிடுவது போல ஒரு பந்தை விட்டார். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அருமைநாயகம் பொத்தென்று அதன் மேல் குப்புற விழுந்தார்.

"செத்த மூதி" என்று ஒரு குரல் எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. அறுபது வருஷத்தில் அமங்கலச் சொல் ஒன்று சொல்லாத பாபநாசம் அண்ணாச்சியின் குரல். மைக் கையில் இருப்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கே தன் காதை நம்ப முடியவில்லை போல. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அருமைநாயகம் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார். முகமெல்லாம் மண்.

"பத்துதான்னு இப்பதான சொன்னிய அண்ணாச்சி. அப்ப இது எப்படி உள்ள போகும்?"

வரலாறு நடத்துகிற எனக்கு அது நியாயமாகவே பட்டது. மணி நாலு இருபத்தொன்பது. அண்ணாச்சியின் உதடு முணுமுணுத்தது. ஒன்றுமில்லாத அரிசிப் பானையையே நிறைந்ததாக்கின மனிதர் அவர், இதற்கா வழி தெரியாது. மைக்கை நிமிர்த்தினார். வாசலுக்கு வந்த செல்வம் கைநழுவாமல் பிடிக்குள் நின்றுவிட்டது, இதைவிட நல்ல சகுனம் இந்த மைதானம் கண்டதில்லை, ஆட்டம் தொடங்கிற்று என்று ஒரே மூச்சில் சொன்னார். நடுவர் விசிலை ஊதினார். சாத்தான்குளத்துப் பிள்ளைகள் கோல் கம்பத்தை நோக்கி ஓடினார்கள். ஆட்டம் தொடங்கினது ராகுகாலத்துக்கு முந்தியா பிந்தியா என்று இன்றைக்கும் டவுனில் வாதம் நடக்கிறது.

உள்ளே ஓடி வந்த பிள்ளைகளை நடுவர் விலக்குவதற்குள் கல்கத்தாப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, யார் இந்த மனிதர் என்று கேட்டார். உங்கள் அணியின் பழைய கோல்கீப்பர் என்று சொல்லி, எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் அணியின் கோல்கீப்பர் பையனைக் கூப்பிட்டார். சால்வையைக் கழற்றிவிட்டு அவன் ஓடி வந்தான். இரண்டு பேரும் அருமைநாயகத்துக்கு எதிரே போய் நின்றார்கள். பயிற்சியாளர் கை கொடுத்தார். பெயர் கேட்டார், வருஷம் கேட்டார், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அன்றைக்கு மொத்தம் எத்தனை கோல் விட்டீர்கள் என்று கேட்டார்.

அருமைநாயகம் அட்டென்ஷனில் நின்றார். மண் ஒட்டிய கோணல் மூக்கை நிமிர்த்தினார். பின்னால் முப்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"டென் சார்," என்றார். "ஒன்லி டென்."